கடனை அடைக்கிறேன் என்பவருக்குக் கிளப்பைக் கொடுக்கலாமா? ஜெர்மனி கிளப்புகளைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறை பொருளாளர்

சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஆர்ட்ஸ் அண்ட் ஸ்போர்ட்ஸ் கிளப்புக்கு நான் பொருளாளர். கிளப்பின் பெயர் இங்கே வேண்டாம். ஆண்டுதோறும் அறுவடை முடிந்த வயலில், அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்துப் போட்டி நடத்துகிறோம். கமுகிலும் மூங்கிலிலும் கட்டிய கேலரி, வாடகை விளக்கு, மலப்புறத்திலிருந்து வரும் அணிகள், அவற்றுக்காக விளையாடும் ஆப்பிரிக்க வீரர்கள் என்று எல்லாம் டிக்கெட் வசூலை நம்பித்தான் நடக்கிறது. போன சீசனில் அரையிறுதி வாரத்தில் விடாத மழை. வயலில் தண்ணீர் நின்றது, ஆட்டங்கள் தள்ளிப்போயின, அணிகளுக்குக் கொடுத்த முன்பணம் போனது போனதுதான். கேலரி கட்டியவருக்கும் ஜெனரேட்டர்காரருக்கும் இன்னும் பாக்கி இருக்கிறது. சந்தையில் என்னைப் பார்த்தால் அவர்கள் எதுவும் கேட்பதில்லை. அதுதான் எனக்குப் பெரிய சங்கடம்.

எங்கள் ஊரில் பிறந்து திருப்பூரில் தொழில் செய்யும் ஒருவர் முன்வந்திருக்கிறார். நல்ல மனிதர், சிறுவயதில் எங்கள் அணிக்கு விளையாடியவர். பாக்கி முழுவதையும் தீர்த்துவிட்டு, நிரந்தர மைதானத்துக்கு இடமும் தருவதாகச் சொல்கிறார். பதிலுக்கு நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் அவர் சொல்லும் ஆட்கள் இருக்கவேண்டும், கிளப் பெயருக்கு முன்னால் அவருடைய நிறுவனத்தின் பெயர் வரவேண்டும், பச்சை வெள்ளை ஜெர்சியின் நிறமும் மாறவேண்டும்.

எங்கள் பையன்கள் இரவெல்லாம் ஜெர்மனி லீக் பார்க்கிறவர்கள். ஒரு பகுதியினர் "ஜெர்மனியில் இதற்கு அனுமதியே கிடையாது, அங்கே 50+1 விதி இருக்கிறது" என்கிறார்கள். மற்றவர்கள் "அந்த விதியால்தான் அங்கே எப்போதும் பேயர்ன் மியூனிக் மட்டுமே ஜெயிக்கிறது" என்கிறார்கள். டீக்கடையில் இதுதான் பேச்சு. நான் கேட்க விரும்புவது: அந்த விதி நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது? ஓட்டு கிடைக்காது என்று தெரிந்தும் பணக்காரர் ஏன் பணம் போடுகிறார்? விதி இருந்தும் கடனில் மூழ்கிய கிளப்புகள் உண்டா? பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கப்போவது நான்தான். தெரிந்து பேச விரும்புகிறேன்.

பதில்: வேலந்தாவளத்துச் செவிலியர்

அண்ணா, வணக்கம். நான் வேலந்தாவளத்துக்காரி. இப்போது கெல்சன்கிர்ஷன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். ஷால்கே 04 கிளப்பில் சந்தா கட்டி ஓட்டுரிமை வைத்திருக்கும் உறுப்பினர். உங்கள் கேள்வியைப் படித்ததும் இரவுப் பணி முடிந்த களைப்பையும் மறந்து எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1998 வரை ஜெர்மனியின் தொழில்முறைக் கிளப்புகளும் உங்கள் கிளப்பைப் போலப் பதிவு பெற்ற சங்கங்கள்தான். அந்த ஆண்டு, கால்பந்துப் பிரிவை மட்டும் தனி நிறுவனமாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஜெர்மன் கால்பந்துச் சம்மேளனம் அனுமதித்தது. அனுமதிக்கும்போதே ஒரு கட்டும் போட்டது. நிறுவனத்தின் ஓட்டுகளில் பாதியும் அதற்கு மேல் ஒன்றும் தாய்ச் சங்கத்திடமே இருக்கவேண்டும். இதுதான் 50+1. கட்டு ஓட்டுக்குத்தான், மூலதனத்தை அதற்கு மேலும் விற்கலாம். மியூனிக் 1860 கிளப்பில் ஜோர்தான் நாட்டுத் தொழிலதிபர் ஹசன் இஸ்மாயிக் 2011இல் 60 சதவீத மூலதனம் வாங்கினார், ஓட்டு மட்டும் 49 சதவீதத்தில் நின்றது.

ஓட்டு இல்லாமல் ஏன் பணம் போடுகிறார்கள் என்று கேட்டீர்கள். பேயர்ன் மியூனிக்கைப் பாருங்கள். அடிடாஸ், ஆடி, அலையன்ஸ் ஆகிய மூன்றும் ஆளுக்கு 8.33 சதவீதம் வைத்திருக்கின்றன. மீதி 75 சதவீதம் சங்கத்துடையது. அடிடாஸ் சட்டை தைக்கிறது, ஆடி கார் தருகிறது, மைதானத்தில் அலையன்ஸ் பெயர் எரிகிறது. அந்தப் பெயருக்கும் புகழுக்கும் தரும் விலைதான் அது. அதற்கு நிர்வாகக் குழுவைக் கைப்பற்றத் தேவையில்லை. உங்கள் திருப்பூர்க்காரரிடமும் முதலில் இதைத்தான் கேட்கவேண்டும்: சட்டையின் மார்பில் உங்கள் பெயரை மூன்று வருடத்துக்குப் போடுகிறோம், அது போதாதா? போதாது என்றால், வேறு எது வேண்டும்?

இனி எங்கள் ஷால்கே கதை. இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது, ஆனால் உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது இதுதான்.

ஷால்கே தனி நிறுவனமாகக்கூட மாறவில்லை. இன்றும் முழுக்கச் சங்கம். மேற்பார்வைக் குழுவில் பெரும்பாலானவர்களை உறுப்பினர்கள் பொதுக்குழுவில் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்தக் குழு நிர்வாகிகளை நியமிக்கிறது. காகிதத்தில் இதைவிடப் பாதுகாப்பான அமைப்பு இருக்க முடியாது. அப்படியும் பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் கடன் 200 மில்லியன் யூரோவைத் தாண்டிப் போனது. எந்த வெளிநாட்டுக் கோடீஸ்வரரும் வந்து எங்களைக் கெடுக்கவில்லை. நாங்கள் ஓட்டுப் போட்டு அமர்த்திய ஆட்கள்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

கெட்ட காலத்தில் கடன் வந்தது என்று நினைக்காதீர்கள், நல்ல காலத்தில்தான் வந்தது. 2011இல் ஸ்பெயின் வீரர் ராவுல் விளையாடிய எங்கள் அணி, ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கில் அரையிறுதி வரை போனது. 2018இல் லீக்கில் இரண்டாம் இடம். ஐரோப்பியப் போட்டிப் பணம் இனி ஆண்டுதோறும் வரும் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்பச் சம்பளம் பேசினார்கள். 2012இல் கடன் பத்திரமும் வெளியிட்டார்கள். நல்ல வீரர்களை உரிய நேரத்தில் விற்கவும் தெரியவில்லை. மாட்டிப், கொலாசினாக், கோரெட்ஸ்கா, மேயர், நியூபெல் என்று ஒருவர்பின் ஒருவராக ஒப்பந்தம் முடிந்து, கிளப்புக்கு ஒரு காசு மாற்றுத்தொகை இல்லாமல் வேறு அணிகளுக்குப் போய்விட்டார்கள். நம் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவர்கூட இப்படிச் சரக்கைச் சும்மா விடமாட்டார்.

பிறகு 2020. மைதானங்கள் மூடப்பட்டன, ஆட்டங்கள் கூட்டமில்லாமல் நடந்தன. சீசன் டிக்கெட் வாங்கியவர்கள் பார்க்காத ஆட்டங்களுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். உடனடியாகப் பணம் வேண்டுமென்றால், தங்களுக்கு என்ன கஷ்டம் என்று விண்ணப்பம் எழுதிக் காரணம் காட்டவேண்டும் என்றது கிளப். வேலை போய் வீட்டில் இருந்தவர்கள் தங்கள் வறுமையைக் கிளப்புக்கு எழுதிக்காட்ட வேண்டுமாம்! பெரும் கொதிப்பு எழுந்தது, கிளப் மன்னிப்புக் கேட்டது. என்னோடு வேலை செய்யும் ஓர் அக்கா இன்றும் அதைப் பேசும்போது குரல் உயர்த்துவார். அதே ஜூன் மாதத்தில், மேற்பார்வைக் குழுவின் தலைவராக நெடுங்காலம் இருந்த இறைச்சித் தொழிலதிபர் கிளெமென்ஸ் தன்னீஸை எதிர்த்து ரசிகர்கள் கைகோத்து நின்றார்கள். மாத முடிவில் அவர் பதவி விலகினார். களத்திலும் வீழ்ச்சிதான். லீக்கில் தொடர்ந்து 30 ஆட்டங்கள் வெற்றியே இல்லை. 2021இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம், அடுத்த ஆண்டு ஏறினோம், 2023இல் மறுபடி இறங்கினோம். இடையில், 2007 முதல் சட்டையில் இருந்த ரஷ்ய எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமின் பெயரை 2022 பிப்ரவரியில், உக்ரைன் போர் தொடங்கியபோது, நீக்கவேண்டி வந்தது. இருந்த பெரிய வருமானமும் போயிற்று.

அப்படியிருந்தும் இரண்டாம் பிரிவு ஆட்டத்துக்கு 60,000 பேர் வந்தார்கள். எங்கள் மைதானம் கொள்வதே 62,000 சொச்சம்தான். இது நிலக்கரி ஊர். கடைசிச் சுரங்கம் பக்கத்து ஊரான போட்ராப்பில் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. வீரர்கள் களத்துக்கு வரும் வழியைச் சுரங்கப் பாதை மாதிரியே அமைத்திருக்கிறார்கள், ஆட்டத்துக்கு முன் சுரங்கத் தொழிலாளர் பாட்டு ஒலிக்கிறது. நான் பார்த்துக்கொள்ளும் முதியவர்களில் சிலர் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துபோன ஒருவருக்கு 2001 மே 19 மறக்கவில்லை. அன்று லீக் பட்டம் எங்களுடையது என்று நான்கு நிமிடம் மைதானமே கொண்டாடியது. ஹம்பர்க்கில் பேயர்னின் ஆண்டர்சன் கடைசி நொடியில் கோல் போட்டுப் பறித்துக்கொண்டார். 1958க்குப் பிறகு ஷால்கேவுக்கு லீக் பட்டமே இல்லை.

அண்ணா, நான் சொல்ல வந்தது இதுதான். இப்படிப்பட்ட பற்றைத்தான் கிளப் அடமானம் வைத்தது. தோற்றாலும் இவர்கள் வருவார்கள், டிக்கெட் வாங்குவார்கள் என்ற நிச்சயத்தில்தான் கடன் கொடுத்தவன் கொடுத்தான், வாங்கியவர் வாங்கினார். உங்கள் வயலுக்கு வரும் கூட்டமும் அப்படிப்பட்ட சொத்துதான். திருப்பூர்க்காரர் அதைக் கணக்கில் எடுத்துத்தான் வந்திருப்பார். நீங்களும் அதைக் கணக்கில் எடுத்துத்தான் போன சீசனில் முன்பணம் கொடுத்திருப்பீர்கள். ஓட்டு உறுப்பினர் கையில் இருப்பது அவசியம், அதை விற்காதீர்கள். ஆனால் ஓட்டு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இவ்வளவு தொகைக்கு மேல் கடன் வாங்கினால் பொதுக்குழுவைக் கேட்கவேண்டும் என்று விதியில் எழுதுங்கள். எங்கள் கிளப்பில் அது காலத்தில் கேட்கப்பட்டிருந்தால் எத்தனையோ இரவுகள் நன்றாகத் தூங்கியிருப்போம்.

பதில்: பாலக்காடு வணிகவியல்

கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கிறேன். நான் டார்ட்மண்ட் ரசிகன், மேலே எழுதிய சகோதரிக்குப் பரம எதிரி அணி. ஆனாலும் அவர் சொன்னதை ஒரு எழுத்துகூட மாற்றமாட்டேன், ஏனென்றால் எங்கள் கிளப் அதே குழியில் அவர்களுக்கு முன்பே விழுந்தது.

பொருசியா டார்ட்மண்ட் 1997இல் சாம்பியன்ஸ் லீக் வென்றது. 2000 அக்டோபரில் பங்குச் சந்தைக்கு வந்தது. ஜெர்மனியில் அப்படி வந்த முதல் கால்பந்துக் கிளப் அதுதான். ஒரு பங்கு 11 யூரோவுக்கு விற்றார்கள். வந்த பணத்தில் வீரர்களை வாங்கிக் குவித்தார்கள், 2002இல் லீக் பட்டமும் கிடைத்தது. அடுத்து சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு தவறியதும் எல்லாம் சரிந்தது. மைதானத்தையே ஒரு முதலீட்டு நிதிக்கு விற்று அதை வாடகைக்கு எடுத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். 2005 தொடக்கத்தில் கடன் 100 மில்லியன் யூரோவைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு மார்ச் 14 அன்று, டுஸல்டார்ஃப் விமான நிலையத்தில் கூடிய அந்த நிதியின் முதலீட்டாளர்கள் வாடகையைத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டதால்தான் கிளப் பிழைத்தது. வீரர்கள் சம்பளத்தில் 20 சதவீதம் விட்டுக்கொடுத்தார்கள். அதற்கும் முன்னால், சம்பளம் கொடுக்கப் பணமில்லாத ஒரு கட்டத்தில் பேயர்ன் மியூனிக் எந்த ஈடும் கேட்காமல் 2 மில்லியன் யூரோ கடன் கொடுத்தது. அந்தச் செய்தி 2012இல்தான் வெளியே வந்தது.

இத்தனைக்கும் 50+1 அப்போது நடைமுறையில் இருந்தது. பங்குகள் சந்தையில் இருந்தாலும், நிறுவனத்தை நடத்தும் நிர்வாகக் கம்பெனி முழுக்கச் சங்கத்துக்குச் சொந்தம். பங்கு வைத்திருப்பவரால் நிர்வாகியை மாற்ற முடியாது. வெளியாளைத் தடுக்க அந்த ஏற்பாடு மிக நன்றாக வேலை செய்தது. உள்ளே இருந்தவரைத் தடுக்கத்தான் எதுவும் இல்லை. 11 யூரோவுக்குப் பங்கு வாங்கிய ரசிகர்கள் பின்னர் அது ஒரு யூரோவுக்கும் கீழே போனதைப் பார்த்தார்கள். பலர் அதை விற்கவில்லை, சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். அந்தப் பற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அது முதலீடு அல்ல, நன்கொடை. உங்கள் ஊரில் வசூலிக்கும்போது இரண்டையும் கலக்காதீர்கள். நன்கொடைக்கு ஒரு ரசீதுப் புத்தகம், கடனுக்கு வேறு புத்தகம், இரண்டுக்கும் வேறு வேறு நிறம் இருக்கட்டும்.

மீண்டது எப்படி என்பதையும் சொல்லவேண்டும். வாட்ஸ்கே என்பவர் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தபின் மைதானத்தின் பெயரை ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டார்கள். விலையுயர்ந்த வீரர்களை விட்டு இளைஞர்களை வளர்த்தார்கள். பயிற்சியாளர் யூர்கன் க்ளோப்பின் கீழ் 2011லும் 2012லும் லீக் பட்டம் வென்றார்கள். மைதானத்தின் பெயர் போயிற்று, ஆனால் மஞ்சள் கறுப்பு போகவில்லை, கிளப்பின் பெயர் போகவில்லை. தெற்குப் பக்கத்தில் 24,000க்கு மேற்பட்டோர் நின்றுகொண்டே பார்க்கும் இடம் நாற்காலி போட்டு விலை ஏற்றப்படாமல் அப்படியே இருக்கிறது. எதை வாடகைக்கு விடலாம், எதை விடக்கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான வழக்கு இல்லை.

பொருளாளர் அவர்களே, ஒரு வேண்டுகோள். பொதுக்குழுவில் மொத்தப் பாக்கியை ஒரே எண்ணாக வாசிக்காதீர்கள். யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று பிரித்து வாசியுங்கள். ஒரே எண்ணாகக் கேட்டால் கூட்டம் பயந்துவிடும், பயந்த கூட்டம் எதற்கும் கை தூக்கும்.

பதில்: மீனாட்சிபுரம் பயிற்சியாளர்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். நான் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுக்கிறவன். வெறுங்காலில் ஓடுகிற பிள்ளைக்கு பூட்ஸ் யார் வாங்கித்தருவது என்பதுதான் என் கவலை.

ஹோஃபன்ஹைம் என்று ஒரு கிராமம். மூவாயிரம் சொச்சம் பேர். நம் பஞ்சாயத்து வார்டுகள் இரண்டைச் சேர்த்தால் அவ்வளவு வரும். அங்கே சிறுவனாகப் பந்து விளையாடிய டீட்மார் ஹோப் பிற்காலத்தில் எஸ்ஏபி மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். தன் பணத்தைப் போட்டுக் கீழ்ப்பிரிவுகளில் கிடந்த கிளப்பை 2008இல் ஜெர்மனியின் முதல் பிரிவான புன்டஸ்லிகாவுக்குக் கொண்டுவந்தார். இளம் வீரர்களுக்கான பயிற்சி மையம் கட்டினார். உங்கள் திருப்பூர்க்காரர் கதையும் இதேதானே, தம்பி? ஊரில் பிறந்தவர், ஊர் அணியில் விளையாடியவர். அந்த மனிதரை மற்ற கிளப் ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் மைதானத்தில் இழிவுபடுத்தினார்கள். 2020 பிப்ரவரி 29 அன்று அவரைத் திட்டிப் பதாகை பிடித்ததால், ஹோஃபன்ஹைம் வீரர்களும் பேயர்ன் வீரர்களும் கடைசி 13 நிமிடம் ஆட்டத்தையே விட்டுத் தங்களுக்குள் பந்தைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். பணம் கொடுத்தவருக்கு இதுவா மரியாதை?

லெவர்குசனை எடுத்துக்கொள்ளுங்கள். பேயர் மருந்துக் கம்பெனித் தொழிலாளர்களுக்காக 1904இல் தொடங்கிய கிளப். கம்பெனியே வைத்திருக்கிறது, விதியில் அதற்கு விலக்கு உண்டு. 2024இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் லீக் பட்டம் வென்றார்கள். பதினொரு வருடம் தொடர்ந்து வென்ற பேயர்னை நிறுத்தியது கம்பெனியின் கிளப்தான், உறுப்பினர் கிளப் அல்ல. நம் கேரளத்தில் எஃப்சி கொச்சின் 1997இல் டூரண்ட் கோப்பை வென்றது. சில ஆண்டுகளில் பணமில்லாமல் மூடினார்கள். நிலையான ஒரு முதலாளி நின்றிருந்தால் அந்தக் கிளப் இன்று இருந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். கொள்கை பேசுவதற்குக் கிளப் முதலில் உயிரோடு இருக்கவேண்டும்.

பதில்: வேலந்தாவளத்துச் செவிலியர்

ஐயா, பிள்ளைகளைப் பற்றிய உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஹோப்பைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, அவரைத் திட்டிய விதம் எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் கதையின் முடிவையும் சேர்த்துச் சொல்லுங்கள். பெரும்பான்மை ஓட்டு வைத்துக்கொள்ள அவருக்கு விலக்கு கிடைத்திருந்தது. 2023இல் அவரே அந்தப் பெரும்பான்மையைச் சங்கத்துக்குத் திருப்பிக்கொடுக்க முன்வந்தார். அவ்வளவு கொடுத்தவரே இறுதியில் ஓட்டு ஊரிடம் இருக்கட்டும் என்று வந்தார் என்றால், உங்கள் திருப்பூர்க்காரரிடமும் அதைக் கேட்கலாமே.

எல்லாப் பணக்காரரும் ஹோப் அல்ல. 1860 கிளப்பை மேலே சொன்னேன். 2017இல் இரண்டாம் பிரிவிலிருந்து இறங்கியபோது மூன்றாம் பிரிவு உரிமத்துக்குத் தேவையான பணத்தை இஸ்மாயிக் கட்டவில்லை. கிளப் நேராக நான்காம் பிரிவுக்குப் போனது. பெர்லினின் ஹெர்த்தாவுக்கு 2019 முதல் லார்ஸ் விண்ட்ஹோர்ஸ்ட் என்ற முதலீட்டாளர் 374 மில்லியன் யூரோ கொண்டுவந்தார். பெரிய நகரத்துக் கிளப்பாக ஆக்குவதாகப் பேச்சு. பணம் கரைந்தது, முதலீட்டாளர் விலகினார், கிளப் 2023இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. நடுவில் 2022இல் உறுப்பினர்கள், கேலரியில் நின்று கோஷம் போட்டு வளர்ந்த காய் பெர்ன்ஸ்டைனைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வீட்டைப் பெருக்க வந்தவர் அவர். 2024 ஜனவரியில் சின்ன வயதிலேயே இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த நாளில் ஷால்கே ஊர்க்காரர்களும் கலங்கினார்கள்.

ரசிகர்கள் வெறும் கூச்சல் போடுகிறவர்கள் என்று நினைக்கவேண்டாம். 2023 டிசம்பரில், லீக்கின் ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்க 36 கிளப்புகளில் 24 ஓட்டுப் போட்டன. மூன்றில் இரண்டு பங்கு, மிகச் சரியாக அவ்வளவே. அதை எதிர்த்து வாராவாரம் களத்தில் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரி 21 அன்று லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அந்தக் கிளப்புகளின் நிர்வாகிகள் தங்கள் உறுப்பினர்களிடம் திரும்பிப்போய் ஓட்டுக் கேட்கவேண்டியவர்கள். ஓட்டு இருந்ததால்தான் டென்னிஸ் பந்துக்கும் மதிப்பு இருந்தது.

பணத்துக்கு வேறு வழியும் இருக்கிறது. ஹம்பர்க்கின் சாங்க்ட் பவுலி கிளப் 2024இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. ஒரு பங்குக்கு 850 யூரோ. சில மாதங்களில் 21,000 பேருக்கு மேல் சேர்ந்து 29 மில்லியன் யூரோ கொடுத்தார்கள், அந்தப் பணத்தில் மைதானத்தின் பெரும்பங்கு கூட்டுறவுக்கு வந்தது. எங்கள் ஷால்கேயிலும் அதே மாதிரி தொடங்கினோம், பங்கு 250 யூரோ. நான் ஒன்று வாங்கினேன். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். நம் பால் சங்கத்தில் பத்து மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் எப்படியோ, அப்படி.

பதில்: தூத்தூர் கடற்கரை

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியிலிருந்து எழுதுகிறேன். எல்லையைத் தாண்டினால் கேரளம், பொழியூர். எங்கள் பையன்கள் ஆழ்கடலுக்குப் போய் வருகிறவர்கள், கரைக்கு வந்தால் பந்துதான். பணம் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் ஒன்றே ஒன்று சேர்க்கிறேன்.

கிழக்கு பெர்லினில் யூனியன் என்ற கிளப். 2004இல் உரிமத்துக்குப் பணமில்லாதபோது, ரசிகர்கள் ரத்ததானம் செய்து கிடைத்த தொகையைக் கிளப்புக்குக் கொடுக்கும் இயக்கம் நடத்தினார்கள். 2008லும் 2009லும் இடிந்த மைதானத்தை 2,000க்கு மேற்பட்ட ரசிகர்கள் கூலியில்லாமல் உழைத்துக் கட்டினார்கள். ஏறத்தாழ 1,40,000 மணி நேர உழைப்பு. கொத்தனார் கொத்துவேலை செய்தார், வேலை தெரியாதவர் மண் சுமந்தார். 2019இல் முதல் பிரிவுக்கு ஏறினார்கள், 2023இல் சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மாட்ரிட்டோடு ஆடினார்கள்.

உங்கள் கேலரிக்காரருக்குப் பாக்கி இருக்கிறது என்கிறீர்கள். அடுத்த சீசன் கேலரியை உங்கள் ஆட்களே கட்டினால் என்ன? கமுகு உங்கள் தோட்டங்களில் இருக்கிறது. அவரை மேஸ்திரியாக வைத்துக்கொள்ளுங்கள், கூலி ஆட்கள் நீங்கள். பழைய பாக்கியைக் கொடுக்க அந்த மிச்சம் உதவும், அவருடைய தொழிலும் கெடாது. ஒன்றை மட்டும் விடவேண்டாம், உறுதியைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே ஆளை ஏற்றுங்கள்.

பதில்: கொழிஞ்சாம்பாறை பொருளாளர்

எல்லோருக்கும் நன்றி. பயிற்சியாளர் ஐயாவுக்குத் தனியாக நன்றி. அவர் எழுதியதை அப்படியே கூட்டத்தில் வாசிக்கப்போகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் நினைப்பது அதுதான்.

நேற்று மாலை திருப்பூர்க்காரரை அவர் வீட்டில் பார்த்தேன். ஜெர்சியின் மார்பில் பெயர், கேலரியின் முன்பக்கத்தில் பலகை, மூன்று வருட ஒப்பந்தம் என்று சொன்னேன். நிர்வாகக் குழுவில் ஓர் இடம், ஆனால் பெரும்பான்மை இல்லை. பச்சை வெள்ளை மாறாது. ஹோஃபன்ஹைம் கதையையும் சொன்னேன், கவனமாகக் கேட்டார். கோபப்படவில்லை. "அப்படியென்றால் போன சீசனில் என்ன நடந்தது என்று எனக்கும் கணக்குக் காட்டுவீர்களா?" என்று கேட்டார். காட்டுவேன் என்றேன், ஊருக்கே காட்டுவேன். மைதானத்துக்கான இடத்தைப் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வராமலும் போகலாம். வயல் இருக்கிறது.

விதியில் புதிதாக ஒரு பிரிவு எழுதிவிட்டேன். ஒரு சீசனின் சந்தாவையும் கையிருப்பையும் தாண்டி எந்த முன்பணமும் எந்தக் கடனும் பொதுக்குழு ஒப்புதல் இல்லாமல் கூடாது. அதில் பொருளாளரின் கையெழுத்து மட்டும் செல்லாது, உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் இன்னும் இருவரின் கையெழுத்தும் வேண்டும். இது என் கையைத்தான் முதலில் கட்டுகிறது, கட்டட்டும். கேலரியை நாங்களே கட்டுவது பற்றி இளைஞர்களிடம் பேசினேன், டார்ட்மண்ட் கோஷ்டியும் பேயர்ன் கோஷ்டியும் ஒரே குரலில் சரி என்றார்கள்.

தங்கச்சி, ஒரு சந்தேகம். இங்கேயும் சிறு பங்குகளாகப் பணம் திரட்டலாமா என்று கேட்கிறார்கள். ஷால்கே கூட்டுறவிலிருந்து ஒருவர் விலக நினைத்தால் அவர் போட்ட பணம் என்ன ஆகும்? வளைகுடாவில் வேலை செய்யும் நம் ஆட்கள் முதலில் கேட்கப்போவது அதுதான்.

பதில்: வேலந்தாவளத்துச் செவிலியர்

முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து விலகலாம், அண்ணா. அறிவிப்புக் காலம் முடிந்து, அந்த நிதியாண்டின் கணக்கும் முடிந்த பிறகுதான் பணம் திரும்பும். கூட்டுறவுக்கு நஷ்டம் வந்திருந்தால் போட்ட தொகை அப்படியே கிடைக்காமலும் போகலாம். பங்கை வெளியே கூடுதல் விலைக்கு விற்று லாபம் பார்க்கவும் வழியில்லை. இதை வளைகுடாவில் இருப்பவர்களிடம் பணம் வாங்குவதற்கு முன்பே, ரசீதிலேயே அச்சிட்டுக் கொடுங்கள். அங்கே கூட்டுறவுப் பதிவாளர் என்ன அனுமதிப்பார் என்பதைப் பாலக்காடு ஐயாவிடம் கேளுங்கள், அவர் பக்கத்திலேயே இருக்கிறார். என் பங்காக முதல் ரசீதை எனக்கே எழுதுங்கள்.